குசினி மணி

விளம்பரத்தை எழுதியவன் ஜெரால்ட். 'திருத்துறைப்பூண்டியில் நூறாண்டு தாண்டிய ஆங்கிலேயர் கால பங்களா விற்பனைக்கு. பர்மா தேக்குக் கதவுகள், உயர்ந்த கூரை, சுற்றிலும் தோட்டம். ஹெரிடேஜ் வீடு தேடுபவர்களுக்கு அரிய வாய்ப்பு. வீடு காலியாக உள்ளது.'

கடைசி வரியை ஃபிளோரா போனில் மறுபடியும் படித்தாள். அப்போது அவள் அந்த வீட்டின் குசினியில், தன் கட்டிலில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

குசினி பெரிய வீட்டோடு ஒட்டாத சமையல்கட்டு. ரயில் பாதை போட வந்த காண்ட்ராக்டர் துரை வீட்டைக் கட்டியபோது, அவர் மனைவிக்குப் புகையும் மசாலா நெடியும் ஆகாது என்று, அடுப்படியைக் கொல்லைக் கோடியில் தனி ஓட்டுக் கட்டடமாகக் கட்டிவிட்டார். இரண்டுக்கும் நடுவே மழையில் நனையாமல் போய்வர ஒரு கூரை போட்ட நடை. குசினிக்கு இன்னொரு வாசலும் இருந்தது. அது பின்பக்கச் சந்தில் திறக்கும். மீன்காரம்மா வருவது அந்த வழியாகத்தான்.

கஜா புயல் அடித்த வாரம் பெரிய வீட்டின் கூரை பல இடங்களில் ஒழுகியது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து, ஃபிளோரா தனியாக இருந்த காலம். நனையாத ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். கரண்ட் வரும்வரை இருக்கலாம் என்று வந்தவள், கரண்ட் வந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. பறந்துபோன ஓடுகளைத் தன் செலவில் மாற்றினாள். தையல் மெஷினைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளிடம் பாவாடை தைக்கப் படிக்காத பெண் அந்த ஊரில் குறைவு. கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டை விற்பதில் அவளுக்குச் சம்மதம்தான். அவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தனக்கு வேண்டியது குசினி மட்டும் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. யாரும் கேட்காததும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், திருச்சியில் ஜெரால்ட் அவளுக்காகக் கட்டிய அறை.

ஜெரால்ட் அவளுடைய தம்பி, வங்கி மேலாளர். அறை எழும்ப எழும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தான். சுவருக்கு இளம் ஊதா. என்றோ ஒரு திரைச்சீலையைப் பார்த்து அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்ன நிறம். குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கைப்பிடி. அந்தக் கைப்பிடியைப் பார்த்ததும் ஃபிளோராவுக்கு ஒரே நாளில் பத்து வயது கூடினாற்போல இருந்தது. 'நல்லாயிருக்குடா' என்று பதில் போட்டாள். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை அருள்மேரி, அக்கா வருஷத்தில் பாதி தன்னோடு இருக்கட்டும் என்று சண்டை போட்டாள். கிறிஸ்துமஸ் யாருக்கு, ஈஸ்டர் யாருக்கு என்று இருவரும் போனில் மல்லுக்கட்டியபோது ஃபிளோராவும் அதே அழைப்பில்தான் இருந்தாள். இரண்டு பக்கமும் பாசம். அந்தப் பாசத்தின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அறுவடை மிஷின்கள் சாலையை அடைத்துக்கொண்டு போகும் தை மாதக் கடைசியில், புரோக்கர் சாரங்கபாணி ஆள் பிடித்துவிட்டார். நாக்பூரிலிருந்து ஹரிஹரசுப்ரமணியன், அவர் மனைவி ரோஹிணி. அவர் ரயில்வேயில் பொறியாளராக இருந்தவர். முன்னோர்களுக்கு மன்னார்குடிப் பக்கம் நிலம் இருந்ததாம். அதெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டது. ஓய்வுக் காலத்தை இந்தப் பக்கம் கழிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ரயில் பாதை போட்டவர் கட்டிய வீடு என்றதும் மனிதர் விழுந்துவிட்டார்.

அருள்மேரி ஒரு வாரம் முன்னதாகவே வந்து இறங்கினாள். அந்த ஒரு வாரமும் வீட்டில் மீன் கிடையாது, கருவாடு கிடையாது. காலையும் மாலையும் சாம்பிராணி. வருகிறவர்கள் நம் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்று அவளே முடிவு செய்து, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்களும் உறை பிரிக்காத பிஸ்கட்டும் வாங்கி வைத்தாள். கூடத்திலிருந்த திருஇருதயப் படத்தையும் எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அதை மட்டும் ஜெரால்ட் விடவில்லை.

ஆனால் அவன் வேறொன்றைச் செய்தான். உள்ளே ஆள் குடியிருப்பது தெரிந்தால் வாங்குகிறவர்கள் பயப்படுவார்கள், பிற்பாடு காலி செய்வார்களோ மாட்டார்களோ என்று யோசிப்பார்கள் என்று சாரங்கபாணி சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில் ஜெரால்ட் குசினி வாசலில் வந்து நின்று, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், அவர்கள் வந்து போகும்வரை அவள் இங்கேயே இருந்துவிட்டால் நல்லது என்றான். சரி என்றாள் ஃபிளோரா. அவன் போனதும் சந்துப் பக்கம் மீன்காரம்மா குரல் கேட்டது. நாகப்பட்டினத்துக் கிழங்கான், கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. ஒரு வாரமாக நாக்கு செத்துப்போயிருந்தது. மனம் சரியில்லாத நேரத்தில் கைக்கு ஒரு வேலையும் வேண்டும். ஃபிளோரா மீனை வாங்கிப் புளியைக் கரைத்தாள்.

இங்கே ஒரு மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரிய வீட்டின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பித்தளைப் பிடி உண்டு. அதை இழுத்தால், நடையின் கூரைக்கு அடியில் ஓடும் கம்பி வழியாக, குசினி வாசலில் தொங்கும் மணி அடிக்கும். துரைசாணி மணியை அடிப்பாள். சமையல்காரர் ஓடி வருவார். அந்தச் சமையல்காரர் பெரியநாயகசாமி, ஃபிளோராவின் தாத்தா. துரை இறந்து, துரைசாணி சீமைக்குக் கிளம்பியபோது, யாரும் வாங்க வராத அந்த வீட்டை அவர்தான் வாங்கினார். தவணை கட்டி முடிக்க அவருக்குப் பாதி ஆயுள் ஆனது. அதனால் ஊருக்குள் அது இன்றைக்கும் பட்லர் பங்களா. பள்ளிக்கூடத்தில் ஜெரால்டைப் பட்லர் பேரன் என்று கூப்பிட்டார்கள். அவன் அதை இன்னும் மறக்கவில்லை. வீட்டைப் பற்றி வெளியே பேசும்போது, தாத்தா துரையிடம் மேனேஜராக இருந்தார் என்பான்.

வீடு கைக்கு வந்ததும் தாத்தா ஒரே ஒரு சட்டம் போட்டார். இந்த வீட்டில் யாரும் மணியடித்துச் சோறு கேட்கக் கூடாது. பசித்தவர் நடந்துபோய்க் குசினி வாசலில் நின்று 'சோறு ஆச்சா?' என்று கேட்க வேண்டும். சமைக்கிறவர் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. அப்பா கேட்டார், மாமன் மச்சான் கேட்டார்கள், விருந்துக்கு வந்த பங்குச் சாமியார்கூட ஒருமுறை போய் நின்று கேட்டார். எல்லோரும் குசினியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியதால் சாப்பாட்டுக் கூடம் துணி மடிக்கிற இடமாக ஆனது. மணியை மட்டும் தாத்தா கழற்ற விடவில்லை. இருக்கட்டும், பார்த்தால்தான் ஞாபகம் இருக்கும் என்றாராம்.

அன்றைக்கு ஜெரால்ட் வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். ஹரிஹரசுப்ரமணியன் தேக்கு உத்தரங்களைத் தட்டிப் பார்த்தார். சாரங்கபாணி ஒவ்வொரு தட்டலுக்கும் தலையாட்டினார். ரோஹிணி அதிகம் பேசவில்லை. வெளிர் பச்சைப் புடவை, மெலிந்த உடம்பு. ஒவ்வொரு அறையிலும் நுழைந்ததும் அதன் மூலைகளைத்தான் பார்த்தாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தபோது சுவரிலிருந்த பித்தளைப் பிடி அவள் கண்ணில் பட்டது. இது என்ன என்று கேட்டுக்கொண்டே இழுத்தாள்.

மணி அடித்தது.

தாம்பாளத்தில் பாட்டில்களைக் கொண்டுவந்த அருள்மேரி அப்படியே நின்றாள். அந்த மணியின் சத்தம் எப்படி இருக்கும் என்று அக்கா, தம்பி, தங்கை மூன்று பேருக்குமே அதுவரை தெரியாது. துருப்பிடித்த கம்பியில் அது இத்தனை தெளிவாக அடிக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

நடையில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. ஃபிளோரா கையில் கரண்டியோடு கூடத்து வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கரண்டியிலிருந்து மீன் குழம்பு ஒரு சொட்டு, ஜெரால்ட் ஆள் வைத்து மெருகேற்றியிருந்த தரையில் விழுந்தது.

ஹரிஹரசுப்ரமணியன் சிரித்தார். "பரவாயில்லையே, சமையலுக்கு ஆளும் இருக்காளே. வீட்டோட சேர்ந்து வருவாளா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஃபிளோரா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையிலிருந்த சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாரங்கபாணி மின்விசிறியைப் பார்த்தார்.

"சார்," என்றான் ஜெரால்ட் கடைசியில். "இவங்க எங்க அக்கா. ஃபிளோரா டீச்சர்." "நான் மேனேஜர்னு சொன்னேன் இல்லையா, எங்க தாத்தா. மேனேஜர் இல்ல. இந்த வீட்டுச் சமையல்காரர். அந்த மணியடிச்சா ஓடி வந்தவர்."

ரோஹிணி பிடியிலிருந்து கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். தெரியாமல் இழுத்துவிட்டேன் என்று தணிந்த குரலில் சொன்னாள்.

"உங்க மேல என்னம்மா தப்பு," என்றாள் ஃபிளோரா. "பொறந்ததுலேர்ந்து நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்ல. இவனுக்குச் சுகர் இருக்கு, விழுந்துகிழுந்து வச்சுட்டானோன்னு ஓடி வந்தேன்."

ரோஹிணி அவளையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, அருள்மேரி நீட்டிய பாட்டிலை நாசூக்காகத் தள்ளிவிட்டு, உங்கள் சமையல்கட்டைப் பார்க்கலாமா, ஒரு வாய் காபி கிடைக்குமா என்று கேட்டாள். அருள்மேரிக்குத் தான் வாங்கி அடுக்கிய பாட்டில்களை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

எல்லோரும் நடை வழியாகக் குசினிக்குப் போனார்கள். ஹரிஹரசுப்ரமணியன் வாசலிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ரோஹிணி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நாக்பூர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு வங்காளிக் குடும்பம், மீன் வாசனையெல்லாம் சின்ன வயதிலிருந்தே பழக்கம் என்றாள். தையல் மெஷினைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், ஜன்னலில் காய்ந்த சுண்டைக்காய் வற்றலைப் பார்த்தாள். முதல் முறையாக அவள் முகம் தளர்ந்தது.

காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, ஃபிளோரா வாசலில் நின்றவரிடம் பேசினாள்.

"சார், வீடு காலியா இல்ல. நான் இங்கதான் இருக்கேன். பெரிய வீட்டை நீங்க எடுத்துக்கங்க, தோட்டத்தை எடுத்துக்கங்க. இந்தக் குசினியையும் சந்துப் பக்கம் கொஞ்சம் தரையையும் விட்டுடுங்க. என் பங்குக்கு இது போதும்."

தனக்கு முழு மனையும் வேண்டும், இந்த இடத்தில்தான் கார் ஷெட் போட நினைத்திருக்கிறேன் என்றார் ஹரிஹரசுப்ரமணியன். கோபமாகச் சொல்லவில்லை, குழப்பமாகச் சொன்னார். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார்கள். சாரங்கபாணி காருக்குப் பின்னாலேயே ஓடினார்.

அவர்கள் போனதும் ஜெரால்ட் திரும்பினான்.

"என்னக்கா பண்ணிட்ட? தாத்தா இந்த அடுப்பை விட்டு அந்த வீட்டுக்குள்ள போறதுக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பாரு. நீ திரும்ப இங்கேயே வந்து உக்காந்துக்கறேங்கிற. ஊர் என்ன சொல்லும்? வீட்டை வித்துட்டு அக்காவை அடுப்படியில தள்ளிட்டான்னுதானே சொல்லும்?"

"தாத்தா வீடு வாங்கின பிறகும் சமைச்சது இங்கதான், சாப்பிட்டதும் இங்கதான்," என்றாள் ஃபிளோரா. "அந்த வீட்டுல பதினோரு கதவுடா. சாயங்காலமானா ஒவ்வொண்ணா தாழ்ப்பாள் போடுவேன். போட்டுட்டுப் படுத்தா ஏதோ ஒண்ணை விட்டுட்டோம்னு தோணும். எழுந்து போவேன். இங்க ரெண்டே கதவு. போட்டா தூக்கம் வந்துடுது."

"அதுக்குத்தானே திருச்சியில ரூம்..."

"அது உன் வீடுடா தம்பி. நல்லாத்தான் வச்சுக்குவ. காலையில எழுந்து, இன்னிக்கு என்ன சமைக்கலாம்னு உன் பொண்டாட்டியைக் கேப்பேன். உங்க இஷ்டம்க்கான்னு அவ சொல்லுவா. இல்லல்ல உன் இஷ்டம்மான்னு நான் சொல்லுவேன். சாகுற வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டே இருப்போம். மீன் வாங்கணும்னு தோணினா நான் யாரையும் கேக்காம வாங்கணும்டா. அவ்வளவுதான்."

அருள்மேரிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. ஜெரால்ட் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த வீட்டில் பிறந்தவன் ஒருவன் குசினியில் மீன் குழம்பு கொதிக்கும்போது சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை. அருள்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

நான்கைந்து நாள் கழித்து ரோஹிணி போன் செய்தாள். நம்பரை சாரங்கபாணியிடம் வாங்கியதாகச் சொன்னாள். முதலில் பொதுவாக ஏதேதோ பேசினாள். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தாள். கணவருக்கு இந்த ஊர் ஆசை, அவளுக்கு இந்த ஊர் பயம். பிறந்து வளர்ந்தது எல்லாம் நாக்பூர். அவர் காலையில் கோயில், வயல், பழைய ரயில் பாலம் என்று கிளம்பிவிடுவார். அத்தனை பெரிய வீட்டில், ஆள் தெரியாத ஊரில், அவள் யாரோடு பேசுவாள்? அன்றைக்கு ஒவ்வொரு அறையாகப் பார்த்தபோது அவளுக்கு அழுகைதான் வந்ததாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாளாம்.

"இப்போ அவர்கிட்ட சொல்லிட்டேன். பின்னாடி ஃபிளோரா டீச்சர் இருந்தா நான் வரேன். இல்லேன்னா நீங்க மட்டும் போய் துரையா இருந்துக்கோங்கோன்னேன்," என்றாள். "மீன் வாசனைன்னு ஆரம்பிச்சார். துரைசாணி மூக்குக்குப் பயந்து அத்தனை தூரம் தள்ளிக் கட்டினதுதானே, உங்க மூக்குக்கும் அது போதும்னு சொல்லிட்டேன்."

ஃபிளோராவுக்கு வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

சர்வேயர் வந்து அளந்தார். கார் வேப்பமரத்தடியில் நின்றுகொள்ளட்டும் என்று முடிவானது. எல்லாம் நல்லபடியாக நடந்தது, ஜெரால்ட் மட்டும் அக்காவோடு பேசவில்லை. பத்திர விஷயங்களை எல்லாம் அருள்மேரி மூலமாகவே அனுப்பினான். ஃபிளோரா ஒருநாள் போன் செய்தபோது அவன் மனைவி எடுத்து, அவர் குளிக்கிறார் என்றாள். மாலை நேரம் அது. ஊதாச் சுவர் அறையில் இப்போது என்ன இருக்கிறது என்று ஃபிளோரா கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்குத் தம்பியைக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில், இரண்டே கதவு இருந்தும் அவளுக்குச் சில நாள் தூக்கம் வரவில்லை.

பங்குனியில் கிரயம் ஆனது. சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, கையெழுத்துக்கு முன்னால் ஜெரால்ட் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்த்தான். வங்கிப் பழக்கம், வாய்விட்டுத்தான் படிப்பான். நான்கெல்லை வந்தது. தெற்கே நகராட்சிச் சாலை, கிழக்கே வாய்க்கால், மேற்கே மீரா உசேன் தென்னந்தோப்பு. "வடக்கே..." என்றவன் ஒரு கணம் நிறுத்தினான். "வடக்கே ஃபிளோரா வீடு." அதோடு மேலே படிக்காமல் மடித்துவிட்டான்.

சாவி கொடுத்தாயிற்று. நாக்பூர்க்காரர்கள் லாட்ஜுக்குப் போனார்கள், நல்ல நாள் பார்த்துத்தான் குடிவருவார்கள். அருள்மேரிக்குப் பகல் ரயில், அவளும் கிளம்பிவிட்டாள். ஜெரால்ட் மட்டும், கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டுக்கொண்டு பெரிய வீட்டுக்கு வந்திருந்தான். சாமான் எதுவும் இல்லாத சாப்பாட்டுக் கூடத்தில், ஜன்னல் மேடையில் உட்கார்ந்திருந்தான்.

குசினியில் சோறு வடித்தாயிற்று. குழம்பும் இறக்கியாயிற்று. ஃபிளோரா வாசலுக்கு வந்து நடையை எட்டிப் பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பசி தாங்க மாட்டான், சுகர்க்காரன். மாத்திரை போடும் நேரமும் தாண்டிவிட்டது. ஆனால் அவன் வந்து கேட்கப் போவதில்லை. கேட்டால் அவன் தோற்றுவிட்டதாக ஆகிவிடும். அவள் கூப்பிடவும் கூடாது. இந்த வீட்டில் சமைக்கிறவர் கூப்பிட்டுப் பழக்கமில்லை. உள்ளே போனாள். குழம்பைக் கிளறினாள், கிளற வேண்டிய அவசியமே இல்லை. மறுபடி வாசலுக்கு வந்தாள். அவன் அசையவில்லை.

தலைக்கு மேலே மணி தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கக் கூடாது என்றுதான் தாத்தா சொன்னார். இந்தப் பக்கத்திலிருந்து அடிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிளோரா கரண்டியைத் தூக்கி மணியை ஓங்கி அடித்தாள். இன்னொரு தடவையும் அடித்தாள்.

கூடத்தில் அவன் எழுந்து நிற்பது தெரிந்தது. உடனே வரவில்லை. முன்பக்கமாகக் கார் பக்கம் போனான். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டான் என்று நினைத்து ஃபிளோரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

பிறகு நடையில் செருப்புச் சத்தம். ஜெரால்ட் குசினி வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் ட்ரில்லிங் மெஷின். இன்னொரு கையில், திருச்சி அறையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த எவர்சில்வர் கைப்பிடி. அதன் ஒரு முனையில் ஊதாச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"இதை எங்க மாட்டறதுன்னு சொல்லு," என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு.

"அது இருக்கட்டும். முதல்ல கேக்க வேண்டியதைக் கேளு."

அவன் மெஷினைக் கீழே வைத்தான். செருப்பைக் கழற்றினான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், சின்ன வயதில் நின்ற அதே நிலைப்படியில் நின்று கேட்டான்.

"சோறு ஆச்சா?"

ஃபிளோரா தட்டை எடுத்துப் போட்டாள்.